என் கணவருக்குக் கேமரா பழுது பார்க்கத் தெரியாது

மஸ்கட் பத்திரிகையில் வந்த படத்தில் ரெங்கராஜின் பெருவிரல் ஷட்டர் இதழ்களின் மேல் அழுந்தியிருந்தது. பானுமதியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். காகிதத்தைவிட மெல்லிய ஐந்து எஃகு இதழ்கள். விரலின் எண்ணெய்ப் பசை ஒரு பொட்டுப் பட்டால் போதும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கும். மூன்று வாரம் உட்கார்ந்து அவள் சுத்தம் செய்த ஷட்டர் அது. படத்துக்குக் கீழே, 'பழைய கேமராக்களுக்கு உயிர் கொடுக்கும் ரூவியின் மந்திர விரல்கள்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள்.

படத்தின் வலது ஓரத்தில் ஒரு சேலை முந்தானையும், ஒரு கையும், அந்தக் கையில் ஒரு டீ கிளாஸும் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தன. அது அவள்.

"அஞ்சு காப்பி வாங்கிட்டேன். ரெண்டை ஊருக்கு அனுப்பணும், உங்க அப்பாவுக்கு ஒண்ணு" என்றான் ரெங்கராஜ்.

தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த பானுமதி தண்ணீரை ஊற்றிக் கரைத்துக்கொண்டே இருந்தாள். மாவு நீர்த்துப்போய் அன்று ஒரு தோசையும் கல்லிலிருந்து எழும்பவில்லை.

அவள் அருப்புக்கோட்டைக்காரி. பன்னிரண்டாவது முடித்த வருஷம், ஓசூரில் இருந்த ஒரு கடிகாரத் தொழிற்சாலைக்குப் பெண்பிள்ளைகளை எடுக்க ஆட்கள் வந்தார்கள். பரீட்சை எதுவும் எழுதச் சொல்லவில்லை. ஒரு தட்டில் நூறு ஊசிகள், பக்கத்துப் பலகையில் நூறு துளைகள். இடுக்கியால் எடுத்து ஒவ்வொன்றாக நட வேண்டும். மற்றவர்கள் பாதி முடிப்பதற்குள் பானுமதி முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு வருஷம் அங்கே வேலை பார்த்தாள். கடைசி இரண்டு வருஷம், ஓடாமல் நின்றுபோன கடிகாரங்கள் மட்டும் வந்து சேரும் மேசை அவளுடையது. எது ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த மேசையின் வேலை.

கல்யாணம் நிச்சயமானதும் வேலையை விடச் சொன்னார்கள். விட்டாள். கூட வேலை பார்த்த பெண்கள் காசு சேர்த்து, நல்ல இடுக்கி ஒன்றும் கண்குழியில் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடி ஒன்றும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். மாப்பிள்ளை ரெங்கராஜுக்கு மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர் வேலை. மகள் நாகஜோதிக்கு ஐந்து வயதானபோது, இரண்டாயிரத்தில், அவனுக்குக் குடும்ப விசா கிடைத்தது. மஸ்கட்டின் ரூவி வட்டாரத்தில், ஹை ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு லாண்டரிக்கு மேலே ஒற்றைப் படுக்கையறை வீடு. காலை ஆறரைக்கு அவன் டியூட்டிக்குப் போவான், ஏழுக்கு மகளை ஸ்கூல் பஸ் ஏற்றிக்கொண்டு போகும். அதன் பிறகு ஏழு மணி நேரம் பானுமதியும் ஏசி சத்தமும்தான்.

மறு வருஷக் கோடையில்தான் அந்தக் கேமரா வந்தது. ஊருக்குத் திரும்பிய ஒரு பிலிப்பைன்ஸ்காரரிடம் ரெங்கராஜ் வாங்கிய பழைய ஜப்பான் கேமரா. ஒரு மத்தியானம் முழுக்கக் காருக்குள் வெயிலில் கிடந்ததில் ஷட்டர் திறக்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த கௌஸ் முகைதீன் பாயிடம் கொண்டுபோனான். "இதைப் பாக்க இங்க ஆள் இல்லை, தம்பி" என்று அவர் கைவிரித்துவிட்டார். ரெங்கராஜ் அதை பிரிஜ்ஜின் மேல் வீசிவிட்டு மறந்துபோனான்.

பானுமதி மறக்கவில்லை. மறுநாள் காலை பஸ் போன பிறகு அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தைக் கழற்ற கடையில் வாங்கிவந்த கவராயத்தை அரத்தால் ராவிக்கொண்டாள். திருகாணிகள் கலந்துவிடாமல் இருக்க ஐஸ் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டாள். முன்பக்கத் தகட்டைத் தூக்கியவள் தனியாகச் சிரித்துவிட்டாள். உள்ளே பற்சக்கரங்கள், தாங்குதூண்கள், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளந்துவிடும் குட்டி நங்கூரம்.

"அட, இது கடிகாரம்ல!"

சூட்டில் உருகிய கிரீஸ் ஷட்டர் இதழ்களில் இறங்கியிருந்தது. சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலால் இதழ்களை மூன்று முறை கழுவினாள். சாயங்காலம் ரெங்கராஜ் வந்தபோது கேமரா டிக்கென்று திறந்து மூடியது.

அதை எடுத்துக்கொண்டு அவன் நேராக ஸ்டூடியோவுக்குப் போனான்.

"யாரு தம்பி செஞ்சது?" என்று கௌஸ் முகைதீன் பாய் கேட்டார்.

"நான்தான் பாய்" என்றான் ரெங்கராஜ்.

வீடு திரும்பி அவன் அதைச் சொன்னபோது பானுமதிக்கு முகம் சுருங்கியது. அவன் உடனே காரணம் சொன்னான். "உனக்கு ஃபேமிலி விசா. வேலை செய்யக் கூடாது. உன் பேரு வெளிய வந்தா பத்தாக்காவைப் பிடுங்கிக்கிட்டு ஊருக்கு ஏத்திவிட்டுருவான். என் பேருலயே இருக்கட்டும், நமக்குள்ள என்ன?" பத்தாக்கா என்பது அங்கே குடியிருக்க ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் அட்டை. அது போனால் எல்லாம் போச்சு. அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அவளும் சரியென்றாள்.

நான்கு வருஷம் அப்படியே போயிற்று. டிஜிட்டல் கேமரா வரத் தொடங்கிய காலம். பரணில் கிடந்த பழையதையெல்லாம் ஜனங்கள் கடைக்குக் கொண்டுவந்தார்கள், சிலர் தூக்கிப் போடவும் சிலர் ஓடவைத்துப் பார்க்கவும். ரெங்கராஜ் பிளாஸ்டிக் பைகளில் சுமந்து வருவான், சரியானதும் சுமந்து போவான். மஸ்கட்டின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் சிலந்தி வலைபோலப் பூஞ்சணம் பிடித்திருக்கும். பின்மூடியில் வெளிச்சம் புகாமல் ஒட்டிய பஞ்சு தாராக உருகி வழிந்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, தையல்காரரிடம் வாங்கிய கறுப்பு கம்பளி நூலைப் பதிப்பாள். லென்ஸைப் பிரிக்கும் நாளில் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி பரவவிடுவாள். ஆவி அடங்கும்போது தூசியும் சேர்ந்து அடங்கிவிடும். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்த பக்கெட்டின் மேல் பலகை போட்டு, அங்கேயே உட்கார்ந்து கண்ணாடிகளை மாட்டுவாள். மணல் பறக்கும் அந்த ஊரில் தூசியில்லாத ஒரே இடம் அதுதான்.

கௌஸ் முகைதீன் பாய்க்கு விஷயம் எப்போதோ தெரிந்துவிட்டது. காயல்பட்டினத்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். ஒருநாள் காலை பத்து மணிக்கு வீட்டுக்கு போன் செய்து, "ரெங்கராஜ் தம்பி செஞ்சு குடுத்த கேமராவில் கைப்பிடி இறுகி நிக்குது, கொஞ்சம் அழுத்திச் சுத்தலாமான்னு கேக்கணும்" என்றார்.

"அய்யோ பாய், சுத்தாதீங்க! உள்ள பல்லு உடைஞ்சுரும்" என்று பானுமதி கத்திவிட்டாள். "வேக வளையத்தைக் கடைசி நம்பருக்குக் கொண்டுவந்துட்டு மெதுவா விடுங்க. தானா இளகும்."

பாய் "சரிம்மா" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு சந்தேகம் வந்தால் சரியாகப் பத்து மணிக்குத்தான் போன் வரும். "தம்பிகிட்ட கேட்டுச் சொல்லும்மா" என்பார். ஆனால் போனை வைக்க மாட்டார். அவள் அப்போதே சொல்லிவிடுவாள். இருவரும் அதைப் பற்றி வேறெதுவும் பேசியதில்லை.

செய்கு அலாவுதீன் ஹாஜியார் வந்த பிறகுதான் விவகாரம் முற்றியது. கீழக்கரைக்காரர், டைல்ஸ் வியாபாரி, பழைய கேமரா சேர்ப்பதில் பைத்தியம். ஒரு போட்டோ கிளப்போடு சேர்ந்து ஹோட்டல் ஹாலில் தன் கேமராக்களைக் கண்காட்சி வைக்க ஏற்பாடு செய்தார். அதில் பன்னிரண்டு ஓடவில்லை. பன்னிரண்டும் பானுமதியின் மேசைக்கு வந்தன. இரட்டை லென்ஸ் வைத்த ஒரு ஜெர்மன் கேமராவை யாரோ முரட்டு ஸ்க்ரூ டிரைவரால் குதறியிருந்தார்கள். திருகாணித் தலைகள் மழுங்கி, ஒரு கம்பிச்சுருள் நெளிந்து கிடந்தது. மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினாள்.

பிப்ரவரியில், பத்திரிகையிலிருந்து பேட்டி எடுக்க வருகிறார்கள் என்று ரெங்கராஜ் லீவு போட்டான். அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிப் பழகினான்.

"நீ டீ மட்டும் கொண்டுவந்து வச்சாப் போதும்" என்றான்.

வந்த பெண் வடக்கத்திக்காரி. டீயை வாங்கிக்கொண்டு, "நீங்களும் இவருக்கு உதவி செய்வீர்களா?" என்று பானுமதியிடம் இந்தியில் கேட்டாள்.

பானுமதி வாய் திறப்பதற்குள் ரெங்கராஜ் சிரித்தான். "நஹீ, நஹீ. இதையெல்லாம் தொடவே பயப்படுவா."

அவ்வளவுதான் அன்று நடந்தது. பானுமதி கிளாஸை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், கழுவின கிளாஸையே திரும்பத் திரும்பக் கழுவினாள். மறு வாரம் படம் வந்தது.

அதற்கு நாலாம் நாள் நாகஜோதி ஸ்கூலிலிருந்து ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து நீட்டினாள். "அம்மா, ஐ காட் எ ஸ்டார்!" தலைப்பு, 'என் தந்தை'. என் அப்பாவின் விரல்கள் மந்திர விரல்கள், அவர் வேலை செய்யும்போது அம்மா டீ போட்டுத் தருவாள் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தாள்.

"ஜோதி, யாரு செய்றான்னு உனக்குத் தெரியாதா? தெனமும் பாக்குறல்ல?"

பிள்ளையின் முகம் மாறிவிட்டது. "தெரியும்மா. பட் அப்பா சொன்னாங்க, ஸ்கூல்ல ட்ரூத் சொன்னா போலீஸ் வந்து உங்களை இண்டியாவுக்கு சென்ட் பண்ணிருவாங்கன்னு. அம்மா, ஐ டோன்ட் வான்ட் யூ டு கோ."

பானுமதி மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். எத்தனை நாளாக இந்தப் பயத்தை இந்தப் பிள்ளை பஸ்ஸில் சுமந்துகொண்டு போய்வந்திருக்கிறது? தன் பெயரை எடுத்துக்கொண்டதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். பத்து வயதுப் பிள்ளையின் வாயைப் பயமுறுத்திப் பூட்டியதை அவளால் பொறுக்க முடியவில்லை.

அன்று மாலை ரெங்கராஜ் மூச்சுவாங்க மாடியேறி வந்தான்.

"ஹாஜியார் பெரிய ஏற்பாடு பண்ணிட்டாரு. கண்காட்சியோட கடைசி நாள், வியாழக்கிழமை சாயங்காலம், மேடையில ஒரு கேமராவை நான் பிரிச்சு மாட்டிக் காட்டணும். பெரிய பெரிய ஆளுகள்லாம் வர்றாங்க."

"காட்டுங்க."

"விளையாடாத பானு. பத்து நாள் இருக்கு. நீ சொல்லிக்குடு."

"ஏழு வருஷம் உக்காந்து கத்துக்கிட்டதுங்க. அதுக்கு மேல இங்க நாலு வருஷம். பத்து நாள்ல எதைச் சொல்லிக்குடுக்க?"

"ரெண்டு திருகாணியக் கழட்டி மாட்டத் தெரிஞ்சாப் போதும். பாக்குறவனுக்கு என்ன தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல?" அவள் குரல் உயர்ந்தது. "விசாவுக்காகன்னு சொன்னீங்க, சரின்னேன். இந்த மேடை எந்த விசாவுல வருது? புள்ளைகிட்ட போலீஸ் வரும்னு சொன்னீங்களே, அது எந்த விசாவுல வருது?"

ரெங்கராஜ் செருப்பைக் கழற்றி உதறினான். "நாள் முழுக்க ஸ்டோர்ல 'ஏ மதராஸி, இதர் ஆவ்'னுதான் கூப்புடுறானுக. பத்து வருஷமா. இந்த ஒரு எடத்துலதான் என்னை மாஸ்டர்ங்குறாங்க, எந்திரிச்சு கை குடுக்குறாங்க. அது உனக்குப் பொறுக்கலையா?"

"அந்த மரியாதை எனக்கு வந்ததுங்க. வழியில நீங்க வாங்கி வச்சுக்கிட்டீங்க."

அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் இரண்டு நாள் கெஞ்சினான், இரண்டு நாள் பேசாமல் இருந்தான். ஐந்தாம் நாள், மகளின் ஸ்கூலில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு அவள் போயிருந்த நேரத்தில், தானே மேசையில் உட்கார்ந்துவிட்டான்.

மேசையில் இருந்தது ராயா டீச்சருடைய கேமரா. ராயா ஓமானி, அரபுப் பள்ளியில் ஆசிரியை. அவருடைய தந்தை ஆப்பிரிக்காவின் ஸான்ஸிபார் தீவில் இருந்தபோது வாங்கி, குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது கூடவே கொண்டுவந்த ஜெர்மன் கேமரா. பானுமதி அதை முழுக்கச் சரிசெய்து முடித்திருந்தாள். மேல்மூடியைப் போட்டு, தோலை ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

அவள் திரும்பி வந்தபோது ரெங்கராஜ் பெருமையாக நிமிர்ந்து பார்த்தான். "உள்ள ஒரு குட்டிக் கண்ணாடி மஞ்சளா மங்கிப்போய் இருந்துச்சு. ஸ்பிரிட்டைப் போட்டு அழுத்தித் தொடச்சேன். பாரு, பளபளன்னு இருக்கு."

பானுமதி அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நகத்தளவு கண்ணாடி. அதன்மேல் மூச்சுப் பட்டாலே கரையும்போல ஒரு தங்கப் பூச்சு இருந்தது. அந்தப் பூச்சுதான் பாதி வெளிச்சத்தை விட்டுப் பாதியைத் திருப்பும். அது இருந்தால்தான் பார்க்கும் ஜன்னலில் ஒரே உருவம் இரண்டாகத் தெரியும். இரண்டும் ஒன்றாகச் சேரும்போது தூரம் சரி என்று அர்த்தம். அவள் இத்தனை வருஷத்தில் அதைப் பூனைமயிர்த் தூரிகையால் தூசி தட்டியதோடு சரி, விரலால் தொட்டதில்லை. இப்போது அது வெறும் கண்ணாடி.

"அது மங்கல் இல்லைங்க. அது பூச்சு."

"கண்ணாடிதான? வேற ஒண்ணை வெட்டி மாட்டிக் குடுத்துருவோம். அந்தம்மாவுக்கு என்ன தெரியப் போகுது?"

எதையாவது தூக்கி எறிய வேண்டும் என்று பானுமதிக்கு வெறி வந்தது. ஆனால் மேசையில் இருந்தது எல்லாம் யாராரோ நம்பிக் கொடுத்த கேமராக்கள். எறிவதற்கு அவளுக்கென்று அங்கே ஒன்றுமில்லை. அலமாரிக்குப் போய், மடிப்புக் கலையாமல் அவன் வைத்திருந்த ஐந்து பத்திரிகைகளையும் எடுத்துவந்து, அவன் கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் கிழித்தாள். அவன் தடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து எழுந்து தள்ளி நின்றான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ரெங்கராஜ் வலது கையில் கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு ஹோட்டலுக்குப் போனான். ஸ்டோரில் இரும்புக் குழாய் விழுந்துவிட்டது என்று சொல்லப் போவதாகச் சொன்னான். அவன் படியிறங்கியதும் பானுமதி கௌஸ் முகைதீன் பாய்க்கு போன் செய்தாள்.

"பாய், ராயா டீச்சர் வீடு எங்க இருக்குன்னு தெரியணும். அவங்க கேமராவை நாங்க கெடுத்துட்டோம். நேர்ல போய்ச் சொல்லணும்."

"நீ எதுக்கும்மா? பாகம் கிடைக்கலேன்னு நானே ஏதாவது சொல்லிக்கிடுறேன்."

"பாய், நீங்களும் அதையே செய்யாதீங்க."

அவர் கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு, தன் மனைவி அஸ்மத் பீவியையும் ஏற்றிக்கொண்டு கார் எடுத்து வந்தார். நாகஜோதியையும் சேர்த்து நான்கு பேராக, டீச்சர் வீடு இருந்த வாதி கபீருக்குப் போனார்கள்.

ராயா டீச்சர் காவா என்னும் அரபுக் காப்பியும் பேரீச்சம்பழமும் வைத்து உட்காரவைத்தார். ஓமானிகளில் பலரைப்போல அவருக்கும் உருது நன்றாக வந்தது. பானுமதி தன் உடைந்த இந்தியில் தடுமாறித் தடுமாறி நடந்ததைச் சொன்னாள். டீச்சர் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தார். இரண்டாகத் தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றுதான் தெரிந்தது.

"பத்திரிகையில் வந்த அந்த மாஸ்டரா இப்படிச் செய்தார்?"

"அவருக்கு எதுவும் தெரியாது. ரிப்பேர் செய்வது நான். நாலு வருஷமாக நான்தான்."

முதல் தடவையாக வேறொருவரிடம் அவள் அதைச் சொன்னாள். சொன்னதும் மனது லேசாகும் என்று நினைத்திருந்தாள். டீச்சர் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அவளை நேராகப் பார்த்தார். அவர் கண்களில் நீர் இருந்தது, கோபமும் இருந்தது.

"அவருக்குத் தெரியாது என்பது உலகத்தில் உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நாலு வருஷமாகத் தெரியும். என் தந்தையின் பொருளை அவர் கை படும் இடத்தில் ஏன் வைத்தாய்?"

பானுமதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

திரும்பும்போது அஸ்மத் பீவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கோவத்துல சொல்லிட்டாங்க. மனசுல வச்சுக்காத புள்ளே."

"சரியாத்தான் சொன்னாங்க" என்றாள் பானுமதி. அதுவரை கணவன் மேல் மட்டும் இருந்த கோபம் இப்போது அவள் மேலும் திரும்பியிருந்தது. நான்கு வருஷம் தலையாட்டியது அவள்தானே?

காரை நிறுத்தும்போது கௌஸ் முகைதீன் பாய் திரும்பாமலே சொன்னார். "என் கடை லைசென்ஸ்ல ஒரு ஆளுக்கு இடம் இருக்கு. உன் பேருல விசா எடுக்க நான் ரெடி. ஆனா இப்ப நீ உன் வீட்டுக்காரர் விசாவுல இருக்கே. ஆட்சேபணை இல்லைன்னு அவரு என்.ஓ.சி. கையெழுத்துப் போடணும்."

ரெங்கராஜ் அன்று சந்தோஷமாக வீடு திரும்பினான். கைக்காயத்தோடும் வந்தாரே என்று ஹாஜியார் அவனுக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார். என்.ஓ.சி. என்ற பேச்சை எடுத்ததும் பொன்னாடையை மடித்து வைத்துவிட்டு, "பொண்டாட்டியக் கடையில உக்கார வச்சுச் சம்பாதிக்குறான்னு ஊர்ல பேசவா? முடியாது" என்று சொல்லிவிட்டான்.

இரண்டு வாரம் வீட்டில் பேச்சே இல்லை. பானுமதி சமைத்தாள், துவைத்தாள், கேமரா மட்டும் வாங்கவில்லை. அவன் கொண்டுவந்த பைகளைப் பிரிக்காமலே கதவோரம் வைத்தாள். அடுத்தவர் பொருள் அது, அப்படியே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று மகள் மூலம் சொல்லி அனுப்பினாள்.

பிறகு ஒருநாள் பதினொரு மணிக்கு, டியூட்டி நேரத்தில், ரெங்கராஜ் வெளிறிப்போய் வந்து நின்றான். கையில் ஒரு மெமோ. பத்திரிகைச் செய்தியை யாரோ கம்பெனி ஆபீஸுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஸ்டோர்கீப்பர் விசாவில் இருப்பவர் வெளியே தொழில் நடத்துவது குற்றம், ஒரு வாரத்தில் விளக்கம் தராவிட்டால் விசா ரத்து என்று எழுதியிருந்தது.

"பானு, நான் கேமரா ரிப்பேர் பண்ணலைன்னு நிரூபிக்கணும்."

பானுமதிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. "ஏன்? மந்திர விரலாச்சே உங்களுக்கு."

"குத்திக்காட்டாத. மேனேஜர் நம்ப மாட்டேங்குறாரு. பேப்பர்ல போட்டோவோட வந்துருச்சேங்குறாரு. வீட்டுல இருக்குறவங்க எழுதிக் குடுத்தா பாக்குறேன்னாரு. நீ எழுதிக் குடு."

"என்.ஓ.சி.யக் கொண்டாங்க. அதுல கையெழுத்துப் போட்டு என் கையில குடுங்க. அப்புறம் எழுதுறேன்."

"இதான் சமயம்னு..."

"ஆமா. இதான் சமயம்."

அவன் கையெழுத்துப் போட்டான். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும்போல அழுத்திப் போட்டான். அன்று மாலை பானுமதி தமிழில் சொல்லச் சொல்ல, நாகஜோதி ஆங்கிலத்தில் எழுதினாள். முதல் வரி: 'என் கணவருக்குக் கேமரா பழுது பார்க்கத் தெரியாது.' பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "எழுதும்மா" என்றான்.

"ட்ரூத்தாப்பா?"

"ட்ரூத்துதான்."

"போலீஸ் வராதுல்ல?"

"வராதும்மா. நான் சும்மா சொன்னேன்." அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. பானுமதி அதைக் கவனித்தாள். இரக்கம் வரவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக அவனோடு மறுபடி பேசத் தொடங்கினாள்.

கையெழுத்துப் போடும்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அவனுக்குத் தெரியாது என்று கடிதம் சொன்னது. யாருக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. புது விசா வரும்வரை சொல்லவும் முடியாது. அந்தக் காகிதத்திலும் அவளுக்கு இடமில்லை.

மேனேஜர் கடிதத்தைப் படித்துவிட்டு, தன் பழைய கேமராவை எடுத்து மேசையில் வைத்து, "பின்மூடியைத் திற பார்ப்போம்" என்றாராம். ரெங்கராஜ் கால் மணி நேரம் தடவிப் பார்த்தும் திறக்கத் தெரியவில்லை. ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. வேலை தப்பியது.

செப்டம்பரில் பானுமதிக்குப் புதுப் பத்தாக்கா வந்தது. அதில் தொழில் என்ற இடத்தில் 'விற்பனையாளர்' என்று இருந்தது. கடை லைசென்ஸில் அந்த ஒன்றுக்குத்தான் இடம் என்றார் பாய். பானுமதி ஒருநாள் முழுக்க அவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு காலையில் கடையிலும், லென்ஸ் வேலை வரும் நாளில் வீட்டுக் குளியலறையிலுமாக உட்கார்ந்துவிட்டாள். ரசீதில் பழுது பார்த்தவர் என்ற இடத்தில் அவள் தன் பெயரைத் தமிழிலேயே எழுதினாள்.

மறு வருஷம் தெற்கே சலாலா ஊரிலிருந்து மூட்டையாக வந்த உடைசல்களில், ராயா டீச்சருடைய கேமராவின் ஜாதியில் செத்த கேமரா ஒன்று கிடந்தது. அதன் கண்ணாடியில் பூச்சு அழியாமல் இருந்தது. டீச்சருடைய கேமராவைப் பாய் மூலம் வரவழைத்து, அதை எடுத்து மாட்டினாள். டீச்சர் கடைக்கு வந்து ஜன்னலில் கண்ணை வைத்து, தெருவில் நின்ற டாக்ஸியைப் பார்த்து வளையத்தைத் திருப்பினார். "தய்யிப்" என்று அரபியில் 'நல்லது' சொன்னார். வேறொன்றும் சொல்லாமல் கேமராவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பானுமதி அதற்குமேல் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்த வருஷம் ஹாஜியார் மறுபடி கண்காட்சி வைத்தார். வேலை முழுக்கப் பானுமதியுடையது, அது அவருக்கும் இப்போது தெரியும். அச்சடித்து வந்த புத்தகத்தைப் பாய் கொண்டுவந்து காட்டினார். கடைசிப் பக்கத்தில், 'கேமராக்களைப் புதுப்பித்தவர்: மாஸ்டர் ரெங்கராஜ்.'

பானுமதி அதைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்ஸி பிடித்து நேராக டைல்ஸ் கடைக்குப் போனாள்.

"போன வருஷத்து மேட்டரை அப்படியே குடுத்துட்டானுவ. அடுத்த வருஷம் மாத்திக்கலாம், தாயி" என்றார் ஹாஜியார்.

"மிச்சப் புஸ்தகமெல்லாம் எங்க இருக்கு?"

"உள்ள இருக்கு. எரநூறு இருக்கும். எதுக்கு?"

"கறுப்புப் பேனா ஒண்ணு குடுங்க."

"குடும்பத்துக்குள்ள யார் பேரு இருந்தா என்ன?"

"ஒண்ணுமில்லைன்னா என் பேரு இருந்துட்டுப் போகட்டும்."

ஹாஜியார் அவள் முகத்தைப் பார்த்தார். பேனாவைக் கொடுத்தார். பானுமதி டைல்ஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகமாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அச்சடித்த பெயரை இரண்டு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் பானுமதி என்று ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை எழுதினாள். கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். பிற்பகல் அசர் தொழுகைக்குப் போன ஹாஜியார் திரும்பி வந்தபோதும் அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஐந்தரைக்கு டியூட்டி முடிந்து ரெங்கராஜ் அவளைத் தேடி வந்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, அவள் எந்தப் பெயரை அடிக்கிறாள் என்று பார்த்தான். உள்ளே வரவில்லை. காருக்குத் திரும்பிப் போய், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அவன் காத்திருப்பது பானுமதிக்குத் தெரிந்தது. அவள் அவசரப்படவில்லை. இன்னும் நாற்பது புத்தகம் பாக்கி இருந்தது.